ஜோன் என்று ஒரு பெயர்



யூதேயாவின் மலைநாட்டிலே ஒரு வீட்டில் விருத்தசேதனச் சடங்கு நடைபெறுகிறது. முதிர்ந்த வயதில் பெற்றோருக்குக் கிடைத்த ஒரே பிள்ளை. பிறந்து எட்டாம் நாள். அயலவரும் உறவினரும் கூடியிருக்கின்றனர். பிள்ளைக்குத் தகப்பனின் பெயராகிய சகரியா என்பதையே இடுவதென்று அவர்கள் தாங்களாகவே தீர்மானித்துவிட்டனர். தாயாகிய எலிசபெத்து அதை மறுத்து, யோவான் என்ற பெயரைச் சொல்லுகிறாள். அந்தக் குடும்ப வழியில் எவருக்குமே அப்படி ஒரு பெயர் இருந்ததில்லை என்பது கூடியிருந்தோரின் வாதம். தாயின் சொல் அவர்களுக்குப் போதவில்லை. பேச்சிழந்திருந்த தகப்பனிடம் சைகையினால் வினவுகின்றனர். அவர் எழுத்துப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, மனைவி சொன்ன அதே பெயரை எழுதிக் காட்டுகிறார். உடனே அவருடைய நாவின் கட்டு அவிழ்கிறது. லூக்கா தமது நற்செய்தியின் முதலாம் அதிகாரத்திலே (1:57-64) இதனை விரிவாக எழுதியுள்ளார்.

அந்த அயலவரின் மனநிலை நமக்கு நன்கு விளங்கக்கூடியது. பாட்டனின் பெயரைப் பெயரனுக்கு இடுவது நமது முன்னோரின் வழக்கம். பெயரன் என்ற சொல்லே மருவிப் பேரன் ஆயிற்று. பெயர் என்பது வீட்டுக்குள் இருந்து வீட்டுக்குள்ளேயே கைமாறவேண்டிய ஒரு முதுசொம். வெளியிலிருந்து ஒரு பெயரைக் கொண்டுவந்தால் அது வந்த வழி யாது என்று வயதில் மூத்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். சகரியாவின் வீட்டில் கேட்டவர்களையும் நாம் குறை கூறவேண்டியதில்லை.

ஒரு குடும்பத்தில் எவருக்கும் இல்லாதிருந்த அந்தப் பெயர்தான், காலப்போக்கில் ஐரோப்பாவில் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களிலும் புகுந்தது. அதன் ஆங்கில வடிவம் ஜோன். நமது பாடசாலைகளின் பெயர்ப் பலகைகளிலும், ஞானஸ்நானப் பதிவேடுகளிலும், பழைய கல்லறைகளிலும் நாம் காணும் அதே ஜோன். இவ்வாரம் அப்பெயரின் வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

எபிரேய மொழியில் இப்பெயர் யோஹானான் என வழங்கியது. முழு வடிவம் யெஹோஹானான். இது இரண்டு சொற்கள் இணைந்த ஒரு சிறு வாக்கியம். முற்பகுதி இறைவனுடைய திருப்பெயரின் சுருக்கம். பிற்பகுதியாகிய ஹானான் என்பது அருள்கூர்ந்தார், இரங்கினார் என்று பொருள்படும். ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்பதே இப்பெயர். பிள்ளையில்லாதிருந்த முதிய தம்பதியின் வீட்டில் இதைவிடப் பொருந்திய பெயர் வேறு எது?

தமிழ் வேதாகமத்தை ஊன்றி வாசிப்போர் இதே வேர்ச்சொல்லைப் பல இடங்களிலே அறியாமலே கடந்து சென்றிருப்பார்கள். சாமுவேலின் தாயாகிய அன்னாளின் பெயர் அந்த ஹானான் என்பதிலிருந்தே பிறந்தது. அனனியா என்ற பெயரில் அதே இரு உறுப்புகளும் இடம் மாறி நிற்கின்றன. அருள் முன்னே, இறைவனின் பெயர் பின்னே. ஆகவே அனனியாவும் யோவானும் பொருளளவில் ஒருவருக்கொருவர் கண்ணாடி. எரேமியாவின் நூலிலே கரேயாவின் குமாரனாகிய யோகனான் என்றொரு படைத்தலைவன் வருகிறான். சிறைப்பட்டுப் போனவர்களைக் கிபியோன் அருகே மீட்டுக்கொண்டு வந்த தீரன் அவன். பின்னர் தீர்க்கதரிசியின் சொல்லைத் தட்டி, மக்களையும் எரேமியாவையும் எகிப்துக்குக் கொண்டுபோனவனும் அவனே. யோவான் என்பதன் பழைய வடிவந்தான் அந்த யோகனான்.

ஆகவே சகரியாவின் வீட்டுக்கு அந்நியமாக இருந்த இப்பெயர் நாட்டுக்கு அந்நியமானதன்று. பழைய கல்லெழுத்துகளிலும் எலும்புப் பேழைகளிலும் ஏடுகளிலும் காணப்படும் பெயர்களை ஆராய்ச்சியாளர் எண்ணிப் பார்த்திருக்கின்றனர். இயேசுவின் காலத்து யூதேயாவிலும் கலிலேயாவிலும் ஆண்களிடையே மிகுதியாக வழங்கிய பெயர் சீமோன். யோவான் என்பது முதல் ஆறு பெயர்களுள் ஒன்று. இதற்கொரு காரணமும் உண்டு. கி.மு. 134 முதல் 104 வரை நாட்டை ஆண்ட பிரதான ஆசாரியர் யோவான் ஹிர்க்கானு. விடுதலைப் போராட்டம் நடத்திய குடும்பத்தின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு இடுவதை மக்கள் எக்காலத்திலும் விரும்புவார்கள்.

அப்போஸ்தலர் நடபடிகள் நான்காம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சப்பாணியாயிருந்த ஒருவனைக் குணமாக்கியதற்காகப் பேதுருவும் யோவானும் ஆலோசனைச் சங்கத்தின் முன் நிறுத்தப்படுகின்றனர். விசாரிக்க அமர்ந்திருந்தோரின் பெயர்கள் ஆறாம் வசனத்திலே உள்ளன. அவர்களுள்ளும் ஒரு யோவான்! குற்றவாளியாக நிற்பவர் ஒரு யோவான். நீதி சொல்ல இருப்பவர் மற்றொரு யோவான். அருகில் இருந்த அன்னாவின் பெயரும் அந்த ஹானான் என்பதன் மருவலே. ஒரே அறையில் இத்தனை அருள் கூடியிருந்தது. ஆயினும் அன்றைய விசாரணையில் அருள் அதிகம் வெளிப்பட்டதாகத் தெரியவில்லை.

இதன் பெண்பால் வடிவம் யோவன்னாள். லூக்கா எட்டாம் அதிகாரத்தில் வரும் அந்தப் பெண்மணி, ஏரோதுவின் காரியக்காரனாகிய கூசாவின் மனைவி. அதே ஏரோது அந்திப்பாவின் ஆணையினால்தான் யோவான் ஸ்நானகனின் தலை வெட்டப்பட்டது. அரண்மனைச் சம்பளத்தில் வாழ்ந்த குடும்பத்தின் யோவன்னாள் தன் பொருளைக் கொண்டு இயேசுவுக்கும் சீடருக்கும் பணிவிடை செய்தாள். உயிர்த்தெழுந்த காலையிலே கல்லறைக்குச் சென்ற பெண்களுள்ளும் அவள் இருந்தாள். இப்பெண்மணியைப் பற்றி நமது பிரசங்கபீடங்களில் அதிகம் பேசப்படுவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

1968ஆம் ஆண்டு எருசலேமின் வடபுறத்திலே, கிவாத் ஹமிவ்தார் என்ற இடத்தில், கட்டட வேலையின்போது பழைய கல்லறைக் குகைகள் சில வெளிப்பட்டன. அக்காலத்து யூதர் இறந்தோரைக் குகையிலே கிடத்தி, ஓராண்டளவில் உடல் அழிந்தபின் எலும்புகளைச் சேர்த்துச் சுண்ணக்கற் பேழையிலே வைப்பது வழக்கம். அங்கு கிடைத்த பேழைகளுள் ஒன்றில், இருபது வயதைத் தாண்டிய ஓர் ஆணின் எலும்புகள் இருந்தன. வலது குதிகால் எலும்பை ஊடுருவி ஏறத்தாழ 11.5 சென்ரிமீற்றர் நீளமான இரும்பு ஆணி ஒன்று நின்றது. ஆணியின் தலைக்கும் எலும்புக்கும் இடையே மரத்துண்டு ஒன்றின் எச்சமும் ஒட்டியிருந்தது. உரோமரால் சிலுவையில் அறையப்பட்ட மனிதன். ஆணியின் முனை வளைந்திருந்தமையால், உடலை இறக்கியவர்களால் அதைப் பிடுங்க முடியாமற் போயிருக்கவேண்டும். ஆணியோடேயே அடக்கம் செய்திருக்கின்றனர்.

சிலுவைச் சாவைப் பற்றி ஏடுகள் பலவாறு கூறினும், அதற்குச் சான்றாக எலும்பு கிடைத்தது அதுவே முதல் தடவை. பேழையின் பக்கத்திலே கூரிய கருவி ஒன்றினால் கீறப்பட்டிருந்த பெயர்: யெஹோஹானான்.

அவன் செய்த குற்றம் யாது? யாருக்கும் தெரியாது. எந்த ஏடும் அவனைக் குறிப்பிடவில்லை. அரசு அவனை அவமானத்தின் உச்சத்திலே கொன்றது. அவனுடைய வீட்டாரோ உடலைக் கேட்டு வாங்கி, ஓராண்டு காத்திருந்து, எலும்புகளைப் பொறுக்கி, பேழையில் இட்டு, பெயரையும் எழுதிவைத்தனர். அந்த எழுத்து அழகானதன்று. கைதேர்ந்த கல்தச்சன் வெட்டியதாகவும் தோன்றவில்லை. உறவினன் ஒருவனின் அவசரக் கீறல் போன்றது. ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்று பொருள்படும் ஒரு பெயரை அந்தப் பேழையின்மேல் எழுதியபோது அக்கை எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர்களாகிய நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இனி, பெயர் எபிரேய எல்லையைத் தாண்டிய கதைக்கு வருவோம்.

கிரேக்க மொழியிலே சொல்லின் நடுவில் ஹகர ஒலியை எழுத எழுத்தில்லை. ஆகவே யோஹானான் அங்கே யோவன்னேஸ் என்றாயிற்று. இலத்தீனில் யொஹான்னெஸ். பிரெஞ்சு நாவிலே முதலெழுத்தாகிய யகரம் ஜகரமாகத் திரிந்து, ஜெஹான், ஜான் என்று குறுகிற்று. ஆங்கிலத்தில் அது ஜோன். ஆங்கிலத்தில் ஜோன் என்று எழுதும்போது நான்கு எழுத்துகளின் நடுவே ஒலிக்காத ஓர் எழுத்து வீணாக நிற்பதைப் பள்ளிச் சிறுவரும் கண்டிருப்பர். எபிரேயத்தின் ஹானான் என்ற சொல்லுக்கு முதலெழுத்தாக நின்ற ஹகரத்தின் எச்சமே அது. முதல் இரண்டு எழுத்துகளில் இறைவனின் பெயர் ஒடுங்கியிருக்கிறது. பின் இரண்டில் அருள் ஒடுங்கியிருக்கிறது. ஒலி போன பின்னும் எழுத்து நிற்கிறது.

மற்ற மொழிகளை விரைந்து சொல்லிவிடலாம். ஸ்பானியருக்கு ஹுவான், போர்த்துக்கேயருக்கு ஜுவாங், இத்தாலியருக்கு ஜொவான்னி, ஜேர்மானியருக்கு யொஹானஸ், ஹான்ஸ், ஒல்லாந்தருக்கு யான், உருசியருக்கு இவான், வேல்சினருக்கு எவன், ஸ்கொத்லாந்தருக்கு இயன், ஐரிசாருக்கு ஷோன், எதியோப்பியருக்கு யொஹன்னெஸ். அரபு மொழி பேசும் கிறிஸ்தவர் யுஹன்னா என்பர். நம் நாட்டு இஸ்லாமியச் சகோதரரிடையே வழங்கும் யஹ்யா என்ற பெயரும் இதே யோவான் ஸ்நானகனுடையதே. சகரியாவுக்கு வாக்களிக்கப்பட்ட இப்பிள்ளையின் பெயர் முன்னர் எவருக்கும் இடப்படாதது என்ற செய்தி திருக்குர்ஆனிலும் உண்டு.

இத்தனை மொழிகளிலும் ஒலி சென்றது, பொருள் செல்லவில்லை. இவான் என்று மகனுக்குப் பெயரிட்ட உருசியத் தாய்க்கும், ஜோன் என்று பெயரிட்ட ஆங்கிலத் தாய்க்கும் அது ஒரு புனிதரின் பெயர், அவ்வளவே. அச்சொல்லுக்குள் அருள் இருப்பது அவர்களின் செவிக்குக் கேட்பதில்லை.

தமிழிலோ வேறொன்று நிகழ்ந்தது. கத்தோலிக்க மறைபரப்புநர்களும் அவர்களோடு உழைத்த தமிழறிந்தோரும் ஒலியை மட்டும் பெயர்க்காமல் பொருளையும் பெயர்த்தனர். அருளப்பர் என்ற பெயர் அப்படிப் பிறந்தது. பவுல் என்பதன் இலத்தீன் வடிவத்துக்குச் சிறியவர் என்று பொருளாகையால் அவர் சின்னப்பர் ஆனார். 1995ஆம் ஆண்டு ஜனவரியில் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் இலங்கைக்கு வருகை தந்து, காலிமுகத்திடலில் யோசப் வாஸ் அடிகளாரை அருளாளராக உயர்த்தியதை நம்மில் பலர் நினைவில் வைத்திருப்போம். அவரை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் என்றே நமது கத்தோலிக்க மக்கள் அழைத்தனர். லிஸ்பனில் 1647இல் பிறந்து, மதுரைப் பணித்தளத்தில் உழைத்து, 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜோன் டி பிரிட்டோ அடிகளார் தமக்கு அருளானந்தர் என்ற பெயரைக் கொண்டார். அவர் பெயரிலும் அருள் நிற்கிறது. அருளப்பு என்பது நம்மிடையே பழைய தலைமுறைக் கத்தோலிக்கரின் பெயர்.

யுவானியார் என்று ஒலியைப் பின்பற்றிய வழக்கும் நம்மிடம் உண்டு. புரட்டஸ்தாந்து சபைகள் யோவான் என்றே கொண்டன. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியமும் யோவான் என்றே ஏற்றமையால், அருளப்பர் என்ற பெயர் இன்று வழிபாட்டில் அருகி வருகிறது. யாழ்ப்பாணத்துப் பரி. யோவான் கல்லூரியை ஊரார் சென் ஜோன்ஸ் என்றுதான் சொல்வர். எல்லாத் திருச்சபைகளுக்கும் பொதுவான பெயர் வேண்டும் என்பது நியாயமே. ஆயினும், உலகின் பெருமொழிகள் பல தவறவிட்ட பொருளைக் காப்பாற்றிவைத்த ஒரு சொல்லை நாம் கைநழுவ விடுவது நல்லதோ என்று எனக்கு ஐயமுண்டு.

பாப்பரசர்களைப் பற்றிப் பேசியதால் இன்னுமொரு செய்தி. 1334இல் மறைந்த 22ஆம் ஜோனுக்குப் பின் 624 ஆண்டுகள் எந்தப் பாப்பரசரும் இப்பெயரைத் துணிந்து கொள்ளவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருச்சபை பிளவுண்டிருந்த காலத்தில், போட்டிப் பாப்பரசர் ஒருவர் 23ஆம் ஜோன் என்று பெயர் பூண்டு அதனைக் கறைப்படுத்தியிருந்தார். 1958இல் தெரிவுசெய்யப்பட்ட கருதினால் ரொன்காலி அதே பெயரை, அதே எண்ணோடு, எடுத்துக்கொண்டார். அவர் சொன்ன காரணங்கள் மிக எளியவை. தம் தகப்பனின் பெயர் அது. தாம் ஞானஸ்நானம் பெற்ற சிற்றூர்க் கோவில் அப்பெயருடையது. உரோமை ஆயரின் தலைமைப் பேராலயமும் அப்பெயருடையதே. முன்னைய ஜோன்களில் அநேகர் நெடுநாள் ஆளவில்லை என்பதையும் அவர் நகைச்சுவையோடு நினைவூட்டினார். எழுபத்தாறு வயதில் வந்த அவரும் ஐந்தாண்டுக்குள் மறைந்தார். ஆனால் அதற்குள் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டிவிட்டார். சகரியாவின் வீட்டு அயலவர் இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பர்: இங்கே ஒருவர் தகப்பனின் பெயர் என்பதற்காகவே யோவான் என்ற பெயரைக் கொள்கிறார்!

இங்கிலாந்துக்கு இப்பெயர் தாராளமாக வந்தது 1066இல் நோர்மானியர் நாட்டைப் பிடித்த பின்னரே. அதற்கு முன் குருமாரிடையே அரிதாக இருந்தது. இருநூறு முந்நூறு ஆண்டுகளில் அது நாட்டை நிறைத்துவிட்டது. பதினான்காம் நூற்றாண்டின் வரிப் பதிவேடுகளைப் பார்த்தால், ஆண்களில் நால்வருக்கு ஒருவரேனும் ஜோன். 1199 முதல் 1216 வரை ஆண்ட ஜோன் மன்னன், குடிகளின் உரிமைச் சாசனமாகிய மாக்னா கார்ட்டாவை 1215இல் வேண்டாவெறுப்பாக முத்திரையிட்டுக் கொடுத்தவன். அவனுக்குப் பின் எந்த ஆங்கில அரசனும் அப்பெயரைத் தரிக்கவில்லை. அரச குடும்பம் கைவிட்ட பெயரைக் குடியானவர்கள் விடவில்லை. வேதாகமத்தை ஆங்கிலப்படுத்த முயன்ற விக்கிளிப், சிறையிலிருந்து எழுதிய பனியன், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடக்கிய வெஸ்லி, அடிமைக் கப்பல் ஓட்டிப் பின் போதகரான நியூற்றன் யாவரும் ஜோன்களே.

ஒரு கிராமத்தில் ஆண்களில் கால்வாசிப் பேர் ஒரே பெயரினர் என்றால் அடையாளம் காண்பது எப்படி? ஜோனின் மகன் ஜோன்சன் ஆனான். ஜோன்ஸ், ஜென்கின்ஸ், எவன்ஸ், ஹான்சன், ஜக்சன் எல்லாம் இதே வேரின் கிளைகளே. செல்லப்பெயரும் தோன்றிற்று: ஜக். சின்ன ஜோன் என்னும் பொருளில் ஜன்கின் என்றிருந்தது தேய்ந்து ஜக் ஆயிற்று என்பர்.

ஜக் என்ற இப்பெயர் நெடுங்காலம் எளிய வேலைக்காரனைக் குறித்தது. ஆளின் வேலையைச் செய்யும் கருவிக்கும் அவன் பெயரையே வைத்தனர். மோட்டார் வாகனத்தின் சில்லு மாற்றும்போது நாம் தேடும் ஜக் அதுதான். கடதாசிக் கூட்டத்தில் அரசனுக்கும் அரசிக்கும் கீழே நிற்கும் சேவகனும் ஜக்கே. நம்மூர் முந்நூற்றுநாலு ஆட்டத்திலோ அந்தச் சேவகனுக்கே 30 புள்ளி. அரசனுக்கு 3, அரசிக்கு 2. யாரோ ஒரு முன்னோன் நல்ல விவேகத்தோடுதான் அந்த ஆட்டத்தை அமைத்திருக்கிறான். (பலாப்பழத்தின் ஆங்கிலப் பெயரிலும் ஜக் வருகிறதே என்று கேட்பீர்கள். அதற்கும் ஜோனுக்கும் உறவில்லை. அது மலையாளத்தின் சக்கை, போர்த்துக்கேயர் வாயிலாக ஆங்கிலத்துக்குப் போனது.)

இக்காலத்தில் ஆங்கிலேயர் தம் பிள்ளைகளுக்கு ஜோன் என்று பெயரிடுவது மிகக் குறைந்துவிட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1880 முதல் 1923 வரை ஒவ்வோர் ஆண்டும் ஆண் குழந்தைகளின் பெயர்களில் அதுவே முதலிடம் வகித்தது. இங்கிலாந்தில் இன்று முதல் நூறு பெயர்களுள் அது இல்லை. வேலைக்காரப் பெயராகிய ஜக்கோ 1990களின் நடுப்பகுதி தொடக்கம் 2008 வரை அங்கே முதலிடத்தில் இருந்தது.

இப்பெயருக்கு வேறொரு பயன் இசையில் உண்டு. நமது ஆலயப் பாடகர் குழுவில் சிறுவர் பயிலும் டோ, ரே, மி என்ற சுரங்களின் பெயர்கள் யோவான் ஸ்நானகனின் திருநாளுக்குரிய பழைய இலத்தீன் பாடலொன்றிலிருந்து பிறந்தவை. பதினோராம் நூற்றாண்டிலே அரெட்சோ நகரத்துக் கீதோ என்ற துறவி, அப்பாடலின் ஒவ்வொரு பகுதியும் முன்னதைவிட ஒரு சுரம் உயர்ந்து தொடங்குவதைக் கண்டு, அவற்றின் முதல் அசைகளையே ஆறு சுரங்களுக்கும் பெயராக்கினார். ஏழாம் சுரத்துக்குப் பிற்காலத்தார் சி என்று பெயரிட்டனர். புனித யோவான் என்பதன் இலத்தீன் முதலெழுத்துகள் இரண்டையும் சேர்த்தது அது. உதடுகளின் கட்டை நீக்கித் தம்மைப் பாடச் செய்யும்படி அப்பாடல் புனிதரை வேண்டுகிறது. தகப்பனின் நாவு அவிழ்ந்த கதையை அறிந்தவர்தான் அப்படிப் பாடியிருக்க முடியும்.

மிகப் பொதுவான பெயருக்கு ஒரு விதி உண்டு. எல்லோருக்கும் உரியது நாளடைவில் எவரையும் குறிக்காததாகிவிடும். 1712இல் ஜோன் ஆபத்நொட் எழுதிய அங்கத நூலின் பின், ஆங்கில நாட்டின் உருவகமே ஜோன் புல் என்றாயிற்று. கிழக்கிந்தியக் கம்பனியை ஜோன் கம்பனி என்றனர். அமெரிக்கப் பேச்சில் கழிப்பறைக்குக்கூட இப்பெயர் உண்டு. அதை இங்கே விரிக்கவேண்டாம். இவை எல்லாவற்றிலும் நம் கவனத்துக்குரியது ஜோன் டோ.

ஆங்கிலேய நீதிமன்றங்களில் காணி உரிமை வழக்குப் பழைய முறையில் பேசுவது பெரும் சிக்கலும் தாமதமும் உடையது. குத்தகைக்காரன் ஒருவன் காணியிலிருந்து விரட்டப்பட்டால் அவன் வழக்குப் பேசுவதோ எளிது. ஆகவே சட்டத்தரணிகள் ஓர் உபாயம் கண்டனர். காணி தனது என்று வாதிடுபவர், அதனை ஜோன் டோ என்பவனுக்குக் குத்தகைக்கு விட்டதாகவும், ரிச்சட் ரோ என்பவன் அவனைப் பலவந்தமாக வெளியேற்றியதாகவும் மனு எழுதுவார். அப்படி இரு மனிதர் இல்லை. மன்றிலிருந்த யாவரும் அதை அறிவர். ஆனால் குத்தகை செல்லுமா என்று தீர்ப்பதற்குக் காணி யாருடையது என்று முதலில் தீர்க்கவேண்டுமல்லவா? உண்மையான வழக்கு அந்தக் கற்பனை மனிதனின் முதுகில் ஏறி மன்றுக்குள் வந்தது. நூற்றாண்டுகளாக நடந்த இந்நாடகம் 1852இல் சட்டத்தினால் நீக்கப்பட்டது. பிறவாத ஜோன் டோவும் அன்றோடு இங்கிலாந்தில் ஓய்ந்தான்.

அமெரிக்காவிலே அவன் ஓயவில்லை. வேறொரு வேலைக்குப் போனான். வழக்கில் பெயர் மறைக்கப்படவேண்டியவர், நினைவிழந்து வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டவர், பிரேத அறையில் உரிமை கோருவாரின்றிக் கிடப்பவர் ஆகியோருக்கு அங்கே ஜோன் டோ என்று பெயரிடுகின்றனர். பெண்ணாயின் ஜேன் டோ. ஜேன் என்பதும் ஜோனின் பெண்பால் வடிவமே. காலில் கட்டும் அட்டையில் ஏதாவது எழுதவேண்டும். எல்லோருக்கும் உள்ள பெயரை எழுதிவிடுகிறார்கள். ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்ற வாக்கியம் அந்த அட்டையில் எழுதப்படுவதை எழுதுபவர் அறியார்.

நமது மொழியில் இப்படியொரு பெயர் இல்லை. இனங்காணப்படாத ஆணொருவரின் சடலம் என்று பொலிஸ் அறிவித்தல் வரும். உயரம், உடுத்திருந்த சாரத்தின் நிறம், வயது சுமார் இவ்வளவு என்று இருக்கும். 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பின் கிழக்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் அந்த விபரங்கூட எழுத நேரமின்றி அடக்கம் செய்யப்பட்டோர் எத்தனை பேர்! இதற்கு எதிர்ப்புறமாக, பெயரும் பிறந்த திகதியும் படமும் எழுதிய அட்டையை நெஞ்சோடு பிடித்தபடி, உடலோ உயிரோ எங்கே என்று ஆண்டுக்கணக்காய்த் தெருவோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மாரையும் நாம் அறிவோம். ஏரோது யோவானைக் கொன்றபோது, அவருடைய சீடர் வந்து உடலை எடுத்துக் கல்லறையில் வைத்தனர் என்று மாற்கு (6:29) ஒரு வசனம் எழுதுகிறார். வாசித்துக்கொண்டு போகும்போது கடந்துவிடும் சிறு வசனம். இந்நாட்டிலே பல வீடுகளில் அந்த வசனத்தை அப்படிக் கடந்துபோக முடியாது.

2017இல் ஐக்கிய அமெரிக்காவிலே டி.என்.ஏ. டோ புரொஜெக்ட் என்றொரு தொண்டமைப்புத் தொடங்கப்பட்டது. பல்லாண்டுகளுக்கு முன் பெயரின்றிப் புதைக்கப்பட்டோரின் எலும்பிலிருந்தோ பல்லிலிருந்தோ மரபணுவைப் பிரித்தெடுத்து, வம்சாவளி தேடும் பொதுமக்கள் தாமாகப் பதிந்துள்ள மரபணு விபரங்களோடு ஒப்பிடுகின்றனர். மூன்றாம் நான்காம் தலைமுறை உறவினர் ஒருவர் அகப்பட்டால் போதும். அங்கிருந்து பிறப்புப் பதிவுகள், விவாகப் பதிவுகள், பழைய மரண அறிவித்தல்கள் வழியாக மேலேறியும் கீழிறங்கியும் குடும்ப மரம் வரைகின்றனர். பெரும்பாலும் தொண்டர்கள் செய்யும் வேலை. ஒருவருக்குச் சில நாளிலும் முடியும், ஆண்டுக்கணக்காகவும் நீளும். கடைசியில் மரத்தின் ஒரு கிளையில், பிறப்புக்குப் பதிவிருந்தும் அதற்குப் பின் எங்கும் காணப்படாத ஒருவர் எஞ்சுவார். பொலிசார் அந்த வீட்டின் கதவைத் தட்டுவர். சில வீடுகளில் தாய் தகப்பன் இறந்திருப்பர். முதுமையடைந்த சகோதரி ஒருத்தி கதவைத் திறப்பாள். உறுதி செய்யப்பட்டபின், பதிவேட்டிலிருந்து ஜோன் என்ற பெயரை வெட்டிவிட்டு, பிறந்த வீட்டில் அவருக்கு இட்ட பெயரை எழுதுகிறார்கள்.